வாயில் ஆணி இல்லாத நேரத்துப் பாட்டுகள்

மட்டக்களப்பில், கல்லடியிலிருந்து டச்பார்ப் பக்கம் போகும் மணல் ஒழுங்கையொன்றில், நான் சிறுவனாக இருந்த காலத்தில், ஓர் ஓடாவியாரின், அதாவது தச்சரின், கொட்டில் இருந்தது. அவர் பறங்கியர், போர்த்துக்கேயர் வழிவந்தவர். வீட்டுக்குள் போர்த்துக்கேயமும் வெளியே எங்களைவிட வடிவான மட்டக்களப்புத் தமிழும் பேசுவார். மாரி மழையில் ஊறிப் பருத்து மூட மறுக்கும் யன்னல் கதவுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவரிடம் போவது வருடந்தோறும் எனக்கு விதிக்கப்பட்ட வேலை. கொட்டில் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அவருடைய சீழ்க்கை கேட்கும். முதிரைப் பலகையில் சீவுளி போய்வரும் ஓசை தாளமாக இருக்க, அதன் மேலே ஒரு மெட்டு மிதந்துகொண்டிருக்கும். சீவுளி பலகையின் நுனியை எட்டும் இடத்தில் மெட்டின் அடியும் முடியும்; அது திரும்பி வரும்போது அவர் மூச்சு வாங்கிக்கொள்வார். சில வேளைகளில் சீழ்க்கை சட்டென்று அறுந்துவிடும். உள்ளே போய்ப் பார்த்தால் கையில் சுத்தியல் இருக்கும். உதடுகளுக்கிடையே நான்கைந்து ஆணிகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்த பிறகுதான் பதில் வந்தது: “வாயில ஆணி இரிக்கக்குள்ள விசில் வராது மனே. அடிச்சா ஆணியும் விழும், பாட்டும் விழும்.”

அவர் அடிக்கடி அடித்த மெட்டு எதுவென்று எனக்குத் தெரிய வந்தபோது நான் மீசை வளர்ந்தவனாகியிருந்தேன். ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்தை ஒரு வீடியோக் கடையிலிருந்து எடுத்து வந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கிழிந்த காலணிகளோடு சிறைமுகாமுக்குள் அணிவகுத்து நுழையும் ஆங்கிலச் சிப்பாய்கள் வாயால் அந்த மெட்டை அடித்துக்கொண்டு வந்தபோது, என் மூக்கில் முதிரைச் சீவலின் வாசம் ஏறியது. ‘கேர்ணல் போகி’ என்ற அந்த அணிநடை இசையை எழுதியவர் பிரித்தானிய இராணுவத்தில் இசைக்குழுத் தலைவராக இருந்த ரிக்கெட்ஸ். கென்னத் அல்ஃபோர்ட் என்ற புனைபெயரில் 1914இல் அதை வெளியிட்டார். கொல்ஃப் மைதானத்தில் ஒருவர் பந்தை அடிக்குமுன் எதிரே நிற்பவர்களை எச்சரிக்கக் குரல் கொடுப்பதற்குப் பதிலாக இரண்டு சுரங்களைச் சீழ்க்கையடிப்பாராம். அந்த இரண்டு சுரங்களிலிருந்துதான் மெட்டுப் பிறந்தது என்பார்கள். பிறகு வந்த சிப்பாய்கள் அதற்குக் காது கொடுத்துக் கேட்கக்கூடாத சொற்களைப் போட்டுப் பாடித் திரிந்தார்கள். 1957இல் வெளிவந்த படத்தில் அந்தச் சொற்களை வைக்க முடியாது. ஆகவே இயக்குநர் டேவிட் லீன் சொற்களை எடுத்துவிட்டுச் சீழ்க்கையை மட்டும் வைத்தார். வரிகளை அறிந்தவர்கள் உள்ளுக்குள் சிரித்தார்கள். அறியாதவர்கள் வீரத்தைக் கேட்டார்கள். இசையமைத்த மல்கம் ஆர்னல்ட் அதன் மேல் இன்னொரு நடையை எழுதிச் சேர்த்தார். படம் பெற்ற ஏழு ஒஸ்கார் விருதுகளில் ஒன்று அந்த இசைக்குரியது.

கதை நடப்பது தாய்லாந்துக் காட்டில் என்றாலும் பாலம் கட்டப்பட்டதும் வெடித்து விழுந்ததும் எங்கள் நாட்டுக் கித்துல்கலையில், களனி ஆற்றின் மேல். இதைச் சொல்லிப் பெருமைப்படும் இலங்கையர் பலரைக் கண்டிருக்கிறேன்; நானும் பெருமைப்பட்டவன்தான். ஆனால் 1942, 43இல் அந்த உண்மையான ரயில்பாதையைப் போடுவதற்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரவர் அங்கேயே மடிந்தார்கள் என்பதைப் பின்னர் படித்தபோது, அந்தச் சீழ்க்கையை முன்போல முழு மனத்தோடு கேட்க முடியாமல் போயிற்று. படத்தில் அவர்களுக்கு மெட்டு இல்லை. இருந்தும், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்த மெட்டு தொடங்கினால் இன்றும் என் கால் தானாகத் தாளம் போடுகிறது.

சீழ்க்கை வரும் பாட்டுகள் ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கின்றன என்பதை நான் நெடுநாளாக யோசித்து வருகிறேன். பழந்தமிழ் மரபில் குரலால் பாடுவதை மிடற்றிசை என்பார்கள், மற்றவை கருவியிசை. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் மறைந்துபோன யாழைக் கணக்குப் போட்டு மீட்டெடுத்த யாழ்நூல் 1947இல் அரங்கேறியது. அந்த மண்ணில் இருந்துகொண்டு கேட்கிறேன்: சீழ்க்கையை எதில் சேர்ப்பது? அது வாயிலிருந்து வருகிறது, ஆனால் மிடற்றிலிருந்து வரவில்லை. சீழ்க்கையடிக்கும்போது தொண்டையிலுள்ள குரல்நாண்கள் அதிர்வதில்லை. விரலை வைத்துப் பார்த்தால் தெரியும். குவித்த உதடுகளின் சிறு துவாரத்தில் மூச்சுச் சுழல, வாய்க்குள்ளிருக்கும் வெற்றிடம் அந்தச் சுழலோடு சேர்ந்து ஒலிக்கிறது. வெறும் போத்தலின் வாயில் ஊதினால் ஒலிக்கிறதே, அதே சங்கதிதான். நாக்கை முன்னே தள்ளினால் வெற்றிடம் சிறுத்துச் சுருதி ஏறுகிறது; பின்னே இழுத்தால் இறங்குகிறது. மூச்சை வெளியே விட்டும் அடிக்கலாம், உள்ளே இழுத்தும் அடிக்கலாம். ஏறத்தாழ 500 ஹேர்ட்ஸிலிருந்து 4000 ஹேர்ட்ஸ் வரை எட்டும் இந்த ஒலியில், மனிதக் குரலை நிறைத்திருக்கும் துணைச்சுரங்கள் அனேகமாக இல்லை. நூல் பிடித்ததுபோல ஒற்றைச் சுரம் வருகிறது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் அந்த எல்லையின் மேற்பகுதியைத்தான். சந்தை இரைச்சலுக்குள்ளும் ஒரு சீழ்க்கை தனியாகத் தெரிவது இதனால்தான்.

குரலை நிறைத்திருக்கும் அந்தத் துணைச்சுரங்கள்தான் இது இன்னாருடைய குரல் என்று நமக்குக் காட்டிக்கொடுப்பவை. அவை போனால் ஆளும் போய்விடுகிறார். சீழ்க்கையில் ஆண், பெண் தெரிவதில்லை, வயது தெரிவதில்லை, எந்த ஊரார் என்பது தெரிவதில்லை. ஒரு பாட்டில் பாடகர் பாடிக்கொண்டிருக்கும்வரை அது அவருடைய பாட்டு. சீழ்க்கை தொடங்கியதும் அவர் எழுந்து போய்விடுகிறார். அந்த இடத்தில் யாரும் உட்காரலாம். எஸ்.பி. பாலசுப்ரமணியத்தைப் போலப் பாட என்னால் ஏழு பிறப்பிலும் முடியாது. சீழ்க்கையடிக்கிறவரைப் போலச் சீழ்க்கையடிக்க, ஒரு பின்னேரம் வாவிக்கரையில் உட்கார்ந்து உதட்டை நக்கி நக்கிப் பழகினால் முடியும் என்ற நம்பிக்கையாவது பிறக்கிறது.

நான் அப்படித்தான் பழகினேன், மூன்று வாரம் வெறும் காற்று. நான்காம் வாரத்தில் ஒரு சுரம் வந்தது. அதைக் கொண்டு வீட்டுக்குள் ஓடியபோது நேரம் பொழுதுபட்டிருந்தது. அம்மம்மா விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே சொன்னா: “இரவையில விசில் அடியாத மனே, பாம்பு வரும். மறுகா என்னக் குறை சொல்லாத.” தமிழ் பேசும் ஊர்கள் எல்லாவற்றிலும் இந்தப் பாம்பு இருக்கிறது. பாம்புகளுக்கு நன்றாக உணரக்கூடியவை நிலத்து அதிர்வுகளும் சில நூறு ஹேர்ட்ஸுக்குட்பட்ட தாழ்ந்த ஒலிகளுமே ஆகையால், சீழ்க்கைக்கு எழும்பி வரும் பாம்பை நாம் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் அம்மம்மா தடுத்தது பாம்பையல்ல என்று இப்போது நினைக்கிறேன். இருட்டில் ஆள் தெரியாமல் வரும் ஒலியை யாருக்கும் பிடிப்பதில்லை. பெண்பிள்ளைகள் விசிலடிக்கவே கூடாது என்று எங்கள் வீட்டில் சொன்னதற்கும், ஊரடங்குக் காலத்தில் ஒழுங்கையில் ஒரு சீழ்க்கை கேட்டால் ஐயா விளக்கை அணைத்ததற்கும் அடியில் இருந்தது அந்த ஒரே பயம்தான்: யார் அது?

யார் பாடுகிறார் என்று தெரியாத பாட்டு எங்கள் ஊருக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லவேண்டும். பறுவ இரவில், முழுநிலா வேளையில், கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு நுனியை நீரிலும் மறு நுனியைக் காதிலும் வைத்தால் கேட்கும் ஒலிக்கு மீன் என்று பெயர் வைத்தோம், ஊரி என்னும் நீர்நத்தை என்றும் சொன்னோம். விபுலானந்த அடிகள் அதை நீரர மகளிரின் பாட்டாகக் கேட்டுக் கவிதை எழுதினார். ஆளைக் காணாத இடத்தில்தான் கற்பனைக்கு வேலை.

திரைப்படச் சீழ்க்கைகளில் உலகம் முழுவதும் தெரிந்தவை, இத்தாலிய இயக்குநர் சேர்ஜியோ லியோனி எடுத்த குதிரைவீரர் படங்களில் வருபவை. 1964இல் வந்த ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஒஃப் டொலர்ஸ்’ படத்திலிருந்து தொடங்கி என்னியோ மொரிகோனியின் இசையில் அந்த ஒலி பெரிய இசைக்குழுவின் வேலையைச் செய்தது. வெட்டவெளி, வெயில், பேசாத மனிதன், அவ்வளவுதான் காட்சி. அதற்குள் ஒரு சீழ்க்கை நுழைந்ததும் அந்த வெளி இரண்டு மடங்கு பெரிதாகிவிடும். சிறிய ஒலியால் பெரிய வெளியைக் காட்டுவது என்ற இந்த வித்தையை நான் வேறெந்தக் கருவியிலும் இவ்வளவு துல்லியமாகக் கேட்டதில்லை. மொரிகோனியின் பெயர் எல்லோருக்கும் தெரியும். சீழ்க்கையடித்தவர் அலெஸாந்த்ரோ அலெஸாந்த்ரோனி. அந்தப் படங்களில் கிட்டார் வாசித்தவரும் அவர்தான், சேர்ந்திசைக் குழுவை நடத்தியவரும் அவர்தான். 2017இல் அவர் காலமானபோது அந்தச் செய்தியைப் படித்துத்தான் நான் அவர் பெயரையே தெரிந்துகொண்டேன். அரை நூற்றாண்டாக உலகத்தார் வாயிலெல்லாம் இருந்த ஒலிக்கு உரியவர் தெருவில் நடந்துபோயிருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் கர்ணன் இயக்கிய ஜெய்சங்கர் படங்களைப் பார்த்துத் தொப்பி வைத்துத் திரிந்த அண்ணன்மார் அடித்த சீழ்க்கையும், பல கைகள் மாறி வந்த அலெஸாந்த்ரோனியின் சீழ்க்கைதான்.

ஒலிப்பதிவின் வரலாற்றில் சீழ்க்கை இதைவிட மிகவும் முந்தியது. அடிமையாகப் பிறந்து நியூயோர்க் தெருக்களில் சீழ்க்கையடித்துச் சில்லறை சம்பாதித்த ஜோர்ஜ் டபிள்யூ. ஜோன்சன் என்ற கறுப்பினத்தவர்தான், 1890 அளவில், அமெரிக்காவில் விற்பனைக்காகப் பாடிப் பதிவு செய்த முதல் கறுப்பினப் பாடகர். படியெடுக்கும் வழி அப்போது சரியாக இல்லாததால் ஒரே பாட்டை ஒரு நாளில் திரும்பத் திரும்பப் பல தடவை பாடவேண்டியிருந்தது. அவரைப் புகழுக்குக் கொண்டுவந்த சீழ்க்கைப் பாட்டின் வரிகளோ அவருடைய இனத்தையே இழிவு செய்பவை. அந்தப் பதிவைக் கேட்டால் சொற்கள் கூசவைக்கின்றன. சொற்கள் முடிந்து சீழ்க்கை வரும்போது மட்டும் அவர் தப்பித்துக்கொண்டுவிட்டதாக எனக்குத் தோன்றும்.

இனி அமெரிக்கப் பாடகர் ஒட்டிஸ் ரெடிங். ‘சிட்டிங் ஒன் த டொக் ஒஃப் த பே’ பாட்டைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையையே தொடங்கினேன் என்றாலும் பிழையில்லை. கலிபோர்னியாவில் நீரில் மிதக்கும் படகுவீடொன்றில் தங்கியிருந்தபோது அவர் எழுதத் தொடங்கி, கிட்டார் கலைஞர் ஸ்டீவ் க்ரொப்பரோடு சேர்ந்து முடித்து, 1967 நவம்பர், டிசம்பரில் மெம்ஃபிஸ் நகரில் பதிவு செய்த பாட்டு. ஊரை விட்டு வந்த ஒருவன் துறைமேடையில் உட்கார்ந்து கப்பல்கள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். வேலை இல்லை, எதுவும் மாறப்போவதும் இல்லை. பாட்டின் கடைசியில் அவர் பாடுவதை விட்டுவிட்டுச் சீழ்க்கையடிக்கிறார். அந்த இடத்தில் பேச்சுப்போலச் சில வரிகளைச் சேர்க்க நினைத்திருந்ததாகவும், அவை கைக்கு வராததால் சும்மா விசிலடித்ததாகவும் சொல்வார்கள். டிசம்பர் 10ஆம் திகதி அவர் சென்ற சிறு விமானம் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஏரியொன்றில் விழுந்தது. வயது 26. க்ரொப்பர் அலையோசையையும் கடற்பறவைகளின் குரலையும் சேர்த்துப் பாட்டை முடித்துக் கொடுக்க, அது 1968 ஜனவரியில் வெளிவந்து அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. இறந்த ஒருவரின் பாட்டு அங்கே முதலிடம் பெற்றது அதுவே முதல் தடவை.

நான் இதைக் கேட்பதற்கென்றே சில பின்னேரங்களில் வாவிக்கரைக் கட்டின் மேல் போய் உட்காருவதுண்டு. கப்பல் எங்கள் வாவிக்கு வராது; இறால் வலைத் தோணிகள் வரும். ரெடிங்கின் சீழ்க்கை சுத்தமான சீழ்க்கையல்ல என்பதைக் ஹெட்போன் போட்டுக் கேட்டால் கவனிக்கலாம். இரண்டாவது அடியின் மேல்சுரத்தில் காற்று கொஞ்சம் சிந்துகிறது. அலெஸாந்த்ரோனி அப்படிச் சிந்தவிடமாட்டார். ஆனால் துறைமேடையில் வேலையற்று இருப்பவன் அலெஸாந்த்ரோனியைப் போல அடித்தால் யார் நம்புவது? அவ்வளவு பெரிய குரலுக்குரிய மனிதர், தம் கடைசிப் பாட்டின் கடைசி நொடிகளில் குரலை உள்ளே வைத்துவிட்டு, யாரும் அடிக்கக்கூடிய ஒரு சீழ்க்கையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பாட்டு முடிவதில்லை, ஒலி மெல்ல மெல்லக் குறைந்து, அவர் எழுந்து கரையோரமாக நடந்து போய்விட்டதுபோல இருக்கும்.

சொல் கிடைக்காத இடத்தில் சீழ்க்கையைப் போட்டு வைப்பது, பஸ் இருக்கையில் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது போன்றது. ஆள் வந்தால் துண்டை எடுத்துவிடலாம். ஆனால் சில பாட்டுகளில் துண்டே பயணம் செய்து முடித்துவிடுகிறது. சுவீடனைச் சேர்ந்த பீட்டர் பியோர்ன் அன்ட் ஜோன் என்ற குழுவின் ‘யங் ஃபோக்ஸ்’ 2006இல் வெளிவந்தது. அதன் தொடக்கச் சீழ்க்கையும் பின்னர் ஏதேனும் கருவியால் நிரப்பலாம் என்று தற்காலிகமாகப் போட்டு வைத்ததுதான். எடுக்க மனம் வராமல் விட்டார்கள். இன்று பாட்டின் பெயரை மறந்தவர்களுக்கும் அந்தச் சீழ்க்கை நினைவிருக்கிறது. ஜோன் லெனன் 1971இல் வெளியிட்ட ‘ஜெலஸ் கய்’ பாட்டில், மன்னிப்புக் கேட்டுக் கேட்டு வார்த்தை தீர்ந்துபோனவன் நடுவில் விசிலடிக்கிறான். அந்த இடத்தில் கிட்டார் வந்திருந்தால் அது திறமையாகியிருக்கும், மன்னிப்பாக இருந்திருக்காது.

தமிழில் எனக்கு மிகவும் பிடித்த சீழ்க்கை, பாட்டாக மாறிவிட்ட ஒரு சீழ்க்கை. 1984இல் வந்த ‘தம்பிக்கு எந்த ஊரு’ படத்தின் ‘காதலின் தீபம் ஒன்று’ பாட்டுக்கு மெட்டமைக்க வேண்டிய நேரத்தில் இளையராஜா அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். வாய்விட்டுப் பாடமுடியாத நிலை. ஆகவே சீழ்க்கையாலேயே மெட்டை அமைத்துக் கொடுத்தார். இதை அறிவதற்கு முன் அந்தப் பாட்டை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். மின்சாரம் இல்லாத காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலியைப் பேசவைத்துக் கேட்ட பாட்டுகளில் அதுவும் ஒன்று. சுற்றும் கை களைத்தால் பாலசுப்ரமணியத்தின் குரலும் களைத்துச் சரியும். பிற்பாடு கதையை அறிந்து கேட்டபோது பல்லவியின் போக்கு புதிதாக விளங்கியது. சுரங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டே போகின்றன. நாக்கு வாய்க்குள் மெல்ல முன்னும் பின்னும் நகர்வதுபோலவே மெட்டு நகர்கிறது. அது சாருகேசி இராகத்தின் இயல்பு என்று இசை தெரிந்த நண்பர் என்னைத் திருத்தினார். இருக்கட்டும். கட்டிலில் படுத்துக்கொண்டு வலிக்காமல் மூச்சுவிடும் ஒருவருக்குத் தோன்றிய அடிகள் இவை என்ற எண்ணம் எனக்குள் பதிந்துவிட்டது. இனி அதைக் கழற்ற முடியாது.

வழுக்கிப்போகும் அந்தத் தன்மையினால்தான் நம் இசைக்குச் சீழ்க்கை இயல்பாகப் பொருந்துகிறது. ஹார்மோனியத்தில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள இடம் வாசிப்பவருக்கு எட்டாது. சீழ்க்கைக்குக் கட்டையும் இல்லை, துளையும் இல்லை, ஆகவே கமகம் எந்த இடத்திலும் நின்று அசையலாம். தெலுங்கு நாடக மேடையில் பாடி நடித்த ரகுராமையாவுக்கு ‘ஈலபாட்ட’ என்பதே அடைமொழி. தெலுங்கில் ஈல என்றால் சீழ்க்கை. வாய்க்குள் விரலை வைத்துக்கொண்டு நாடகச் செய்யுள்களைச் சீழ்க்கையால் பாடிய அவருக்கு 1975இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆந்திராவைச் சேர்ந்த கொமரவோலு சிவபிரசாத் ஒருபடி மேலே போய், வயலினும் மிருதங்கமும் பக்கத்தில் இருக்க முழுக் கர்நாடகக் கச்சேரியையே சீழ்க்கையால் நடத்தியவர். முதலில் வேடிக்கையாகத்தான் கேட்க உட்கார்ந்தேன். ஆலாபனையின் நடுவிலேயே வேடிக்கை போய்விட்டது. மூச்சை உள்ளே இழுக்கும்போதும் சுரம் தொடர்ந்துகொண்டிருந்தபோது நான் மூச்சுவிட மறந்திருந்தேன். குறையொன்றும் உண்டு: தாழ்ந்த சுரங்களில் சீழ்க்கைக்கு உடம்பு இல்லை. மந்தர ஸ்தாயியில் ஒரு நாகஸ்வரம் தரும் கனத்தை எந்த உதடும் தராது.

பொபி மக்ஃபெரினின் ‘டோன்ட் வொரி பி ஹப்பி’ 1988இல் வந்தது. கருவி எதுவும் இல்லை. கேட்கும் ஒலி எல்லாம் அவர் வாயும் உடம்பும் தந்தவை. அதன் தொடக்கச் சீழ்க்கையைப் போலத் தொற்றிக்கொள்ளும் வேறொன்று இல்லை. தலைப்பு வாசகம் இந்திய ஞானியான மெஹர் பாபாவுடையது என்பதால் நாம் உறவுகூடக் கொண்டாடலாம். எனக்கென்னவோ சீழ்க்கை பிடிக்கும், பாட்டுப் பிடிக்காது. கவலைப்படாதே என்று வாயால் சொன்ன பிறகு கவலைப்படாமல் இருப்பது கடினம். அவர் விசிலோடு நிறுத்தியிருக்கலாம்.

‘விண்ட் ஒஃப் சேஞ்ச்’ எனக்கு வந்தது ஜேர்மனிக்குப் போன பெரியப்பாவின் மகன் அனுப்பிய ஒலிநாடாவில். ஸ்கோர்ப்பியன்ஸ் குழுவின் கிளவுஸ் மைனே, 1989 ஓகஸ்டில் மொஸ்கோவில் நடந்த இசைவிழாவுக்குப் போய்வந்த பிறகு எழுதிய பாட்டு. 1990இல் இசைத்தொகுப்பில் வந்து மறு வருடம் உலகமெங்கும் பரவியது. அந்த விசில் வேண்டாமென்று இசைத்தட்டு நிறுவனத்தார் கருதியதாகவும், எடுத்துப் பார்த்தபோது பாட்டுக்கு ஏதோ குறைந்துபோனதாகவும் மைனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பேர்லின் சுவர் விழுந்த சந்தோசத்தை உலகம் அந்தச் சீழ்க்கையில் கேட்டது. எங்களுக்கு 1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கியிருந்தது. மாற்றத்தின் காற்று என்று அவர்கள் பாடியபோது எங்கள் பக்கத்துக் காற்றில் வேறு வாசம் இருந்தது. ஒலிநாடாவைச் சத்தம் குறைத்து வைத்துக் கேட்போம். அந்தப் பாட்டில் எனக்குப் புரிந்ததும், பிடித்ததும், சொந்தமென்று எடுத்துக்கொள்ள முடிந்ததும் முதல் அரை நிமிடச் சீழ்க்கை மட்டுமே. அதற்கு ஆங்கிலம் வேண்டியதில்லை, சுவர் விழவேண்டியதுமில்லை.

திரையரங்கில் நாயகன் பெயர் வந்ததும் பறக்கும் விசிலும், 2008க்குப் பிறகு சென்னைக் கிரிக்கெட் அணியோடு ஒட்டிக்கொண்ட ‘விசில் போடு’வும், 2019இல் ‘பிகில்’ என்று படத்துக்கே பெயராகிவிட்ட சொல்லும் வேறு குடும்பம். இரண்டு விரலை நாக்கின் கீழ் மடக்கி அடிப்பது அது. மெட்டு இல்லை, இங்கே நான் இருக்கிறேன் என்ற அறிவிப்பு மட்டும் உண்டு. எனக்கு அது வந்ததேயில்லை, எச்சில்தான் வந்தது.

ஆனால் அந்த மடித்த நாக்கு மிகப் பழையது. அகநானூற்றில் இடைக்காடனார் பாடிய முல்லைப் பாட்டொன்றில், மழை இரவில் கோலை ஊன்றித் தனியே நிற்கும் இடையன் ‘மடிவிடு வீளை’ எழுப்புகிறான். வீளை என்பது சீழ்க்கைக்குப் பழைய பெயர். துள்ளும் ஆட்டுக்குட்டியைக் குறிபார்த்துக்கொண்டிருந்த குறுநரி அதைக் கேட்டு வெருண்டு முட்புதருக்குள் ஓடுகிறது. ஸ்பெயின் நாட்டுக்குரிய லா கொமேரா தீவில் மேய்ப்பர்கள் பள்ளத்தாக்குகளுக்கு அப்பாலிருந்து சீழ்க்கையாலேயே பேசிக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் பாடமாகவே கற்பிக்கப்படும் அந்த மொழியை யுனெஸ்கோ 2009இல் மரபுரிமையாக ஏற்றது. வாவிக்கு மேற்கேயுள்ள எங்கள் படுவான்கரையில் பட்டிக்காரர்கள் இன்றும் மாடுகளைச் சீழ்க்கையால் திருப்புகிறார்கள். என் மாமா ஒருவருடைய சீழ்க்கைக்கு இரண்டே சுரம்; ஒன்று நீளம், ஒன்று குட்டை. அவர் காய்ச்சலில் கிடந்த ஒரு கிழமை மச்சான் போய் அதே இரண்டு சுரத்தையும் அச்சொட்டாக அடித்தான். மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன. சீழ்க்கையில் ஆள் தெரிவதில்லை என்று மேலே அவ்வளவு உறுதியாக எழுதியிருக்கிறேன். அந்த மாடுகள் அதை ஒப்புக்கொள்ளா.

ஓடாவியார் போய்ச் சேர்ந்து பல வருடம். அவருடைய கொட்டில் இருந்த இடத்தை 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடல் துடைத்துவிட்டது. எங்கள் வீட்டு முன்கதவு மட்டும் மாரிக்கு மாரி பருத்துக்கொண்டு அப்படியே நிற்கிறது.

சென்ற மாதம் மண்டூருக்குப் போவதற்காகக் குருமண்வெளித் துறையில் பாதை ஏறினேன்; வாகனங்களையும் ஆட்களையும் வாவி கடத்தும் மிதவையை நாங்கள் பாதை என்போம். மோட்டார் சைக்கிள்கள், பாலூற்றப் போய்த் திரும்பும் வெறுங்கலன்கள், சீருடையில் பிள்ளைகள். நடு வாவியில் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலாக ஒரு சீழ்க்கை எழுந்தது: ‘காதலின் தீபம் ஒன்று’. யாரென்று தெரியவில்லை. தலைக்கவசம் போட்ட ஏழெட்டுப் பேர் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றார்கள். கலனில் சாய்ந்திருந்த பெண்ணொருத்தியும் நின்றாள். பல்லவியின் முதலடி நன்றாகவே வந்தது. இரண்டாம் அடி ஏறும் இடத்தில் சுரம் உடைந்து, காற்றாகி, நின்றுவிட்டது. நான் காத்திருந்தேன். மறுபடி தொடங்குவதாகக் காணோம். மிச்சத்தை அடித்துவிடலாமென்று உதட்டைக் குவித்தேன். வாவிக் காற்றில் உதடு காய்ந்திருந்தது. நக்கி ஈரமாக்கிக்கொண்டு ஊதுவதற்குள் பாதை கரையில் தட்டி, எல்லோரும் ஒரே நேரத்தில் மோட்டார் சைக்கிள்களை உதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.